மேற்கே நிற்க வேண்டிய மரம்: வெயில் நாட்டுத் தோட்டமும் நிழலும்

தமிழ்நாட்டுச் சமவெளியில் தோட்டம் போடுகிறவருக்கு முதல் இடர் தண்ணீர்த் தட்டுப்பாடுதான் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் சித்திரை கடைசியில் கத்திரி வெயில் தொடங்கியபின், காலையில் போதிய நீர் பாய்ச்சப்பட்ட மிளகாய்ச் செடியும் பிற்பகல் இரண்டு மணிக்கு இலை துவண்டு நிற்பதையும், மண்ணில் ஈரம் இருக்கும்போதே பூ உதிர்வதையும் காண்கையில், இடர் வேருக்குக் கீழே மட்டும் இல்லை, இலைக்கு மேலேயும் இருக்கிறது என்பது விளங்குகிறது. இதற்குப் பலரும் காணும் தீர்வு நிழல் மரம். அது சரியான தீர்வே. எனினும் மரம் வைப்பது என்று முடிவானதும் பெரும்பாலோர் கேட்கும் முதற்கேள்வி, எந்த மரம் வைக்கலாம் என்பதாக இருக்கிறது. நாற்றங்காலில் கண்ணுக்கு அழகாக இருந்த கன்று வீட்டுக்கு வந்து, காலியாக இருந்த மூலையில் ஊன்றப்பட்டு, ஏழெட்டு ஆண்டுகளில் தோட்டத்தையே விழுங்கிவிடுவதற்கு இந்த வரிசைப் பிழையே காரணம். நிழல் எந்தத் திசையிலிருந்து விழ வேண்டும் என்பது முதற்கேள்வி; எவ்வளவு அடர்த்தியாக விழ வேண்டும் என்பது இரண்டாவது; மரத்தின் பெயர் மூன்றாவதாகவே வர வேண்டும் என்பதே இந்த உரையின் கருத்து.

வெயில் செடியை எவ்வாறு வருத்துகிறது என்பதிலிருந்து தொடங்குவது முறை. நண்பகலில் மேகமற்ற வானத்தின் கீழ் ஒளியின் அளவு ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மீது விழும் ஒளியை அளக்கும் அலகு. தக்காளி, மிளகாய், கத்தரி, அவரை முதலிய காய்கறிச் செடிகளின் தனி இலை ஒன்றை எடுத்துக்கொண்டால், இந்த ஒளியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைதான் அதனால் உணவாக்கப் பயன்படுத்த முடியும். அதற்கு மேல் விழுவது இலையைச் சூடாக்குகிறதே தவிர வளர்ச்சிக்கு உதவுவதில்லை. இந்த எல்லையை ஒளிநிறைவு என்பர். சூடேறிய இலை தன்னைக் குளிர்வித்துக்கொள்ள, அடிப்புறத்தில் மிகுதியாக உள்ள நுண்ணிய இலைத்துளைகளின் வழியே நீரை ஆவியாக வெளிவிடுகிறது. இதற்கு நீராவிப்போக்கு என்று பெயர். வேர் உறிஞ்சும் வேகத்தை இலை இழக்கும் வேகம் மிஞ்சும்போது செடி துளைகளை மூடிக்கொள்கிறது; மூடியவுடன் நீரிழப்புக் குறைகிறது என்றாலும் உணவாக்கத்துக்குத் தேவையான காற்றும் உள்ளே வருவது தடைப்படுவதால், வெயில் மிகுந்த அந்தப் பிற்பகல் முழுவதும் செடி பட்டினி கிடக்கிறது. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டிய நிலையில் தக்காளியின் மகரந்தத் தூள் வீரியம் இழக்கிறது. பூ பூத்தும் காய் பிடிப்பதில்லை. நீரை இரட்டிப்பாகப் பாய்ச்சினாலும் இந்தக் குறை நீங்குவதில்லை என்பதைக் கோடையில் தக்காளி போட்ட எவரும் அறிவர்.

மண்ணின் நிலை இன்னும் கடுமையானது. மூடாக்கு இல்லாத வெற்று மண்ணின் மேற்பரப்பு மே மாதப் பிற்பகலில் 50 டிகிரியைத் தாண்டுவது வியப்பன்று. வேர்நுனிகளும், மண்ணை வளமாக்கும் நுண்ணுயிர்களும், மண்புழுக்களும் வாழும் மேல்மண் இந்தச் சூட்டில் உயிரற்றுப் போகிறது. மழை வந்தபின் அது மீண்டு எழப் பல வாரங்கள் ஆகின்றன.

கடையில் கிடைக்கும் பச்சை நிழல்வலை, செடியையும் மண்ணையும் இந்தச் சூட்டிலிருந்து காக்கும் வேலையைச் செய்யாதா என்ற கேள்வி எழலாம். வலை ஒளியைக் குறைக்கிறது. நாற்றங்காலுக்கும் மாடித் தோட்டத்துக்கும் அது போதும். மரமோ ஒளியைத் தடுப்பதோடு நிற்பதில்லை. ஒரு லிட்டர் நீர் ஆவியாக மாற ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் செலவாகிறது. நூறு வாட் குண்டு பல்பு ஆறரை மணி நேரம் எரிவதற்கான ஆற்றல் அது. வளர்ந்த மரம் ஒவ்வொரு நாளும் பல பத்து லிட்டர் நீரை இலைவழியே ஆவியாக்குவதால், அந்த அளவு வெப்பத்தைத் தன்னைச் சூழ்ந்த காற்றிலிருந்தும் தன் இலையிலிருந்தும் எடுத்துச் செலவழிக்கிறது. வலைக்கு அடியில் உள்ள காற்று புழுங்குவதும் புங்க மரத்துக்கு அடியில் உள்ள காற்று குளிர்வதும் இதனால்தான். அந்த நீர் அதே நிலத்திலிருந்து வருகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. மரம் தரும் குளிர்ச்சிக்கு ஒரு விலை உண்டு, அதைப் பின்னர் காணலாம்.

இனித் திசை. தோட்டக்கலை நூல்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அவற்றை ஒட்டித் தமிழில் எழுதப்பட்ட குறிப்புகளிலும் அந்நாடுகளின் சூரியனே உதிக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் நண்பகல் வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து விழுவதால், நிழல் வேண்டுமானால் தெற்கே மரம் வை என்பது அந்நூல்களின் விதி. தமிழ்நாடு வட அகலக்கோடு 8 டிகிரிக்கும் 14 டிகிரிக்கும் இடையே கிடக்கும் நாடு. இங்கே சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது: கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும், சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு நடுவிலும். இந்த இரு நாட்களுக்கு இடைப்பட்ட காலம் முழுவதும், அதாவது வெயில் மிகக் கடுமையாக உள்ள மாதங்களில், நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஆகவே தோட்டத்தின் தெற்கு எல்லையில் நட்ட மரத்தின் நிழல் கோடை நண்பகலில் தோட்டத்துக்குள் விழாமல் வேலிக்கு வெளியே விழுகிறது. மாறாக மார்கழியில் சூரியன் தெற்கே சாயும்போது, இருபது அடி உயரமுள்ள அதே மரம் பதின்மூன்று பதினான்கு அடி நீளத்துக்கு நண்பகல் நிழலைத் தோட்டத்துக்குள் நீட்டுகிறது. காய்கறி நன்றாக விளையும் குளிர்காலத்தில், செடி வெயிலுக்கு ஏங்கும் வேளையில், வேண்டாத நிழல்! தெற்கே வைத்த மரம் வேண்டும்போது கைவிட்டு, வேண்டாதபோது தடுக்கிறது. பிற நாட்டு விதியை இந்த மண்ணில் அப்படியே பின்பற்றுவதன் பயன் இதுவே.

தெற்குக்குப் பதிலாக மேற்கே நட்ட மரம் எவ்வாறு உழைக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. திருச்சியை ஒத்த அகலக்கோட்டில் மே மாத நடுவில், மூன்று மணியைச் சற்றுக் கடந்த வேளையில், சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 45 டிகிரி உயரத்தில் இருக்கிறது; அப்போது எந்தப் பொருளின் நிழலும் அதன் உயரத்துக்குச் சமமான நீளம் கொண்டது. எட்டடி உயரத்தில் கிளை பிரிந்து இருபதடி வரை எழுந்த மரம் ஒன்று மேற்கு எல்லையில் நிற்பதாகக் கொண்டால், அந்த வேளையில் அதன் இலைப்பரப்பின் நிழல் தண்டிலிருந்து கிழக்கே எட்டாம் அடியில் தொடங்கி இருபதாம் அடி வரை விழும். நான்கு மணி கடந்தபின் அது பதின்மூன்றாம் அடியிலிருந்து முப்பத்திரண்டாம் அடி வரை நகரும். ஒன்றரை மணிக்கு முன்பு அது மரத்தடியைவிட்டு அதிகம் வெளியே வருவதே இல்லை. அதாவது காலை முழுவதும் பாத்திக்கு வெயில் கிடைக்கிறது. செடி தன் உணவில் பெரும்பகுதியை ஆக்கி முடிக்கிறது. மண்ணும் காற்றும் ஏற்கெனவே சூடேறி, வெயில் இலைக்குப் பகையாகும் பிற்பகலில்தான் நிழல் வந்து சேர்கிறது. ஒளியை இழக்காமல் சூட்டை மட்டும் தவிர்க்க இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மே மாதப் பிற்பகலில் சூரியன் நேர் மேற்கில் இல்லை. மேற்குக்குப் பதினைந்து பதினாறு டிகிரி வடக்கே தள்ளி இருக்கிறது. எனவே நிழலும் நேர் கிழக்கே விழாமல் சற்றுத் தெற்காகச் சரிகிறது. இருபதடி தூரத்தில் இந்தச் சரிவு ஐந்தாறு அடி. பாத்தியின் நடுக்கோட்டுக்கு நேர் மேற்கே கன்றை ஊன்றாமல் அந்த ஐந்தாறு அடியை வடக்கே தள்ளி ஊன்றினால் நிழல் பாத்தியின் நடுவில் வந்து அமரும். குழி வெட்டுவதற்கு முந்தைய கோடையில், உத்தேச இடத்தில் ஒரு நீண்ட மூங்கிலை நட்டு, பிற்பகல் மூன்றுக்கும் நான்குக்கும் அதன் நிழல்நுனி எங்கே விழுகிறது என்று சுண்ணாம்பால் குறி போட்டுப் பார்த்துவிட்டால் கணக்கே தேவையில்லை. ஒரு பிற்பகல் செலவிட்டுச் செய்யும் இந்த வேலை, முப்பது நாற்பது ஆண்டுகள் நிற்கப்போகும் மரத்தின் இடத்தை முடிவு செய்கிறது.

மற்ற திசைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். கிழக்கு திறந்திருக்க வேண்டும். காலை வெயில் செடிக்கு உணவு, அதை மறைக்கும் மரம் எதுவும் அங்கே வேண்டாம். தென்னை, மா போன்ற உயர்ந்தோ அடர்ந்தோ வளரும் பயன்மரங்களுக்கு வடக்கு ஏற்றது. குளிர்காலத்தில் அவற்றின் நிழல் தோட்டத்துக்கு வெளியே போய்விடும். தெற்கு எல்லையில் முழங்கால் உயர வேலிக்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. மேற்குத் திசை இன்னொரு வகையிலும் முதன்மை பெறுகிறது. உள்மாவட்டங்களில் கோடைக் கடைசியில் தொடங்கி ஆடி வரை வீசும் வறண்ட காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் கிழக்கே உள்ள கோவை, திருப்பூர்ப் பகுதிகளில் இதன் வேகத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மேற்கு வரிசை வெயிலுக்கும் காற்றுக்கும் ஒரே வேலியாகிறது. காற்றை முழுவதும் மறிக்கும் சுவரைவிட, பாதி மறித்துப் பாதி விடும் மரவரிசையே மேலானது. சுவர் மறித்த காற்று மேலேறிச் சுழன்று உள்ளே விழுந்து செடியை முறிக்கும், மரவரிசையில் புகுந்த காற்று தளர்ந்து வெளிவரும். அந்தத் தளர்ச்சி மரத்தின் உயரத்தைப்போலப் பத்து மடங்குத் தொலைவுக்கும் அதற்கு மேலும் நீள்கிறது.

நிழலின் அளவு என்ற இரண்டாம் கேள்விக்கு விடை தேட வேறு எங்கும் போக வேண்டாம். சோழவந்தானிலும், தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூரிலும், கும்பகோணத்தைச் சுற்றிய ஊர்களிலும் உள்ள வெற்றிலைக் கொடிக்கால்களுக்குள் நுழைந்தால் போதும். சோழவந்தான் வெற்றிலைக்கும் ஆத்தூர் வெற்றிலைக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்த இலைகளின் மணமும் காரமும் பேசப்பட்டன. அந்த மணத்தையும் காரத்தையும் காத்துத் தரும் நிழல்கலை போதிய அளவு பேசப்படவில்லை. வெற்றிலை மழைக்காட்டு மரங்களின் அடியில் படர்ந்து வளரும் இயல்புடைய கொடி. நேர்வெயிலில் இலை சிறுத்து மஞ்சளித்துப் போகும். அதே கொடியை மாமரத்து அடர்நிழலில் விட்டால் ஈரம் காயாமல் பூஞ்சை நோய் கண்டு அழுகும். ஆண்டில் பல மாதங்கள் வெயில் எரிக்கும் வைகைக் கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் இப்படிப்பட்ட கொடியைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வருகிறார்கள் என்றால், நிழலைக் கையால் அளந்து ஊற்றும் திறம் அவர்களிடம் இருக்கிறது என்றே பொருள்.

அந்தத் திறத்தின் கருவி அகத்தி. நிலத்தை நீண்ட பாத்திகளாகவும் இடையே ஆழமான வாய்க்கால்களாகவும் வகுத்து, பாத்தியில் முதலில் அகத்தி விதையை வரிசையாக ஊன்றுகிறார்கள். அது முளைத்து ஓரளவு எழுந்தபின்பே அதன் காலடியில் வெற்றிலைக் கொடித்துண்டு நடப்படுகிறது. கொடிக்கு முன்பே நிழல் வந்து நிற்க வேண்டும் என்ற ஒழுங்கு இதில் இருக்கிறது. செடியை நட்டு வாடவிட்டுப் பின்னர் மரம் தேடும் வழக்கத்துக்கு நேர்மாறானது இது. கொடி எழ எழ இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வாழைநாரால் தளர்வாக அகத்தித் தண்டோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். அந்த நாருக்காகவே பாத்தி ஓரங்களில் வாழையும் நிற்கிறது, பறித்த இலையைக் கட்டிவைக்கவும் அதன் மட்டை உதவுகிறது. அகத்தி பன்னிரண்டு பதின்மூன்று அடியை எட்டியதும் தலையைக் கொய்துவிடுகிறார்கள். அதற்குமேல் அது உயரமாகப் போகாமல் பக்கக்கிளை விடுகிறது. கிளை நெருங்கி இருள் கவிந்தால் கழித்துவிடுகிறார்கள், கழித்த தழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் சமையலுக்கும் போகிறது. கோடையில் கழிப்பதைக் குறைத்துக்கொண்டு மழைக்காலத்தில் கூட்டுகிறார்கள். அகத்தியின் ஈர்க்கில் வரிசையாகத் தொங்கும் சிற்றிலைகள் சல்லடைபோல் ஒளியைப் பொடித்து இறக்குவதால், கொடிக்காலுக்குள் நிற்பவரின் கைமீது ஒரே இடத்தில் வெயில்பொட்டு நிலைப்பதில்லை; காற்றசைவில் அது இலைக்கு இலை தாவிக்கொண்டே இருக்கிறது. அகத்தி அவரைக் குடும்பத்தது. வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதால், நிழல் கொடுத்த மரமே உரமும் கொடுக்கிறது.

நிழல் என்பது மரம் நட்டதோடு முடிந்துபோவதன்று, பருவத்துக்குப் பருவம் கூட்டியும் குறைத்தும் ஆளப்பட வேண்டியது என்பதைக் கொடிக்கால் தெளிவாகக் காட்டுகிறது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலும் இதே நெறி வேறு மரங்களைக் கொண்டு நடைபெறுகிறது. வீட்டுத் தோட்டக்காரர்கள் இதைக் கற்காததால்தான், மரம் வைத்தால் கீழே ஒன்றும் முளைக்காது என்ற தவறான எண்ணம் பரவியிருக்கிறது. முளைக்காதது மரத்தின் குற்றமன்று. ஆண்டுக்கணக்கில் அரிவாள் படாத மரத்தின் கீழ்தான் எதுவும் முளைப்பதில்லை.

இப்போது மரத்தின் பெயருக்கு வரலாம். மேற்கு வரிசைக்கு வேண்டியது, கோடையில் இலை நிறைந்ததும், மழைக்காலத்தில் கழிக்கத் தாங்குவதும், காற்றில் முறியாததும், வேரால் அண்டையை வருத்தாததுமான நடுத்தர மரம். இந்தத் தகுதிகள் அனைத்திலும் புங்கத்துக்கு முதலிடம் தர வேண்டும். மாசி, பங்குனியில் அது பழைய இலையை உதிர்த்துவிட்டுச் சில நாட்களிலேயே பளபளக்கும் இளம்பச்சைத் தளிரால் தன்னை மூடிக்கொள்கிறது. கத்திரி தொடங்கும்போது அதன் கூரை முழுமையாக இருக்கிறது. அவரைக் குடும்பத்து மரமாதலால் நைட்ரஜனும் சேர்க்கிறது. அதன் தழை பழங்காலந்தொட்டு வயலுக்குத் தழையுரமாகச் சென்றிருக்கிறது. நிழல் சற்று அடர்த்தியானது. ஆண்டுதோறும் உட்கிளைகளைக் களைந்தால் அந்தக் குறையும் நீங்கும். வேம்பு அடுத்தது, அதுவும் கோடைக்கு முன்னரே இலை மாற்றிக்கொள்கிறது, வறட்சியைப் புங்கத்தைவிட நன்றாகத் தாங்குகிறது, ஆனால் காலப்போக்கில் மிகப் பெரிதாகிவிடும் என்பதால் இரண்டு சென்ட் தோட்டத்துக்கு ஒன்றே அதிகம். முருங்கையும் அகத்தியும் ஒரே ஆண்டில் நிழல் தருபவை. இரண்டும் கட்டை வலுவற்றவை, காற்றில் முறிபவை, ஆயினும் நிலையான மரம் எழும்வரை இடைக்காலக் காவலாக அவற்றுக்கு ஈடில்லை.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. செம்மயிற்கொன்றையும் இயல்வாகையும் சாலை அழகுக்காகக் கொண்டுவரப்பட்டவை. விரைவாக வளர்ந்து விரிந்த குடை பிடிப்பதால் மனத்தைக் கவர்கின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததையும், சாய்ந்தவற்றில் இந்த இனங்கள் மிகுதியாகக் கிடந்ததையும் நகரம் கண்டது. தூங்குமூஞ்சி மரம் ஊர்ப் பொதுவிடத்துக்கு உரியது; வீட்டுத் தோட்டம் அதன் ஒரு கிளைக்கும் போதாது. ஆலும் அரசும் சுவரைப் பிளக்கும். தைலமரத்தின் நிழலோ நிழலென்றே சொல்லத் தக்கதன்று. அதன் தண்ணீர்ப் பசியோ மிகப் பெரிது. புயலைக் கருதி மரமே வேண்டாம் என்று ஒதுங்குவதும் தவறு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி டெல்டாவின் தென்னந்தோப்புகளை அழித்தது. அந்த இழப்பு இன்னும் ஆறாத புண். பாடம் மரத்தைக் குறைப்பதில் இல்லை; ஒரே இனத்தை, ஒரே உயரத்தை நம்பி இராமல் பலவகையாகக் கலந்து வைப்பதில் இருக்கிறது.

மரம் கேட்கும் விலை என்று முன்னர் குறிப்பிட்டது வேரைப் பற்றியது. மரத்தின் வேர் இலைப்பரப்போடு நின்றுவிடுவதாகக் கருதுவது பிழை. அது குடையின் விளிம்பைக் கடந்து வெகுதூரம் பரவுகிறது, உணவு உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேலே உள்ள இரண்டடி மண்ணிலேயே இருக்கிறது. காய்கறியின் வேரும் அங்கேதான் இருக்கிறது. பாத்திக்கு விட்ட நீரையும் இட்ட எருவையும் மரம் முதலில் எடுத்துக்கொள்ளும். இதற்கு மாற்று எளிது: மரத்துக்கும் பாத்திக்கும் இடையே, தண்டிலிருந்து ஆறேழு அடி தள்ளி, இரண்டடி ஆழத்துக்கு ஒரு குறுகிய அகழி வெட்டி, குறுக்கே வரும் வேர்களைக் கூரிய கருவியால் அறுத்துவிட்டு, அதை இலைச்சருகாலும் களைச்செடிகளாலும் நிரப்பி வைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை அதே கோட்டில் மீண்டும் வெட்டி, மட்கிய எருவை அள்ளிப் பாத்தியில் இட்டுப் புதுச்சருகை நிரப்பினால், வேரைத் தடுக்கும் அகழியே எருக்குழியாகவும் மழைநீர் இறங்கும் வழியாகவும் உதவும். ஒரு பக்கம் மட்டுமே வெட்ட வேண்டும்; சுற்றிலும் வெட்டினால் மரம் பிடிமானம் இழந்து முதற்புயலிலேயே சாயும்.

நடும் காலத்தை மழையே தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழையே முதன்மை மழையாதலால் புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் நடுவது நன்று. தென்காசி, கன்னியாகுமரி முதலிய தென்மேற்கு மழை பெறும் இடங்களில் ஆனி, ஆடியிலேயே நடலாம். குழியை மட்டும் கோடையிலேயே இரண்டடி முதல் மூன்றடி வரை நீள அகல ஆழத்தில் எடுத்து வெயிலில் ஆறப்போட வேண்டும். மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி, தொழுவுரமும் சிறிது வேப்பம்பிண்ணாக்கும் கலந்து அதையே முதலில் குழிக்குள் இறக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுருண்டிருக்கும். அந்தச் சுருளை வெட்டாமல் நட்டால் வேர் வெளியே பரவாமல் தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும், பத்து ஆண்டுகள் கழித்துக் காற்றில் அடியோடு பிடுங்கிக்கொண்டு விழும். வேப்பங்கன்றை விதையிலிருந்து வளர்க்க விரும்புவோர் ஆனி, ஆடியில் உதிரும் பழத்தைச் சதை நீக்கி உடனே ஊன்ற வேண்டும். அந்த விதை சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் இழந்துவிடும்.

நட்ட கன்றுக்கு மிகக் கொடிய காலம் அதன் முதற்கோடை. நாளை நிழல் தரப்போகும் மரத்துக்கு இன்று நிழல் தேவை என்பதைத் தென்னை நடுவோர் நன்கு அறிவர். கன்றின் மேற்குப் புறமாகப் பனையோலையையோ பின்னிய தென்னங்கீற்றையோ சாய்த்து ஊன்றி, பிற்பகல் வெயிலை மட்டும் தடுத்து, காலை வெயிலைத் திறந்துவிடுவது அவர்கள் வழக்கம். தோட்டத்து மரக்கன்றுக்கும் இதையே செய்யலாம்; அல்லது மேற்கே இரண்டடி தள்ளி ஆமணக்கையோ துவரையையோ அடர்த்தியாக விதைத்துவிட்டால் அவை சில மாதங்களில் ஆளுயரம் எழுந்து காவல் நின்று, காயும் கொடுத்து, கன்று வளர்ந்ததும் விலகிவிடும். சொட்டுநீர்க் குழாய்களால் நீர் விடும் வசதி இல்லாத இடத்தில், மெருகிடாத மண்பானை ஒன்றைக் கழுத்துவரை கன்றருகே புதைத்து நீர் நிரப்பி மூடி வைத்தால், நீர் பானையின் நுண்துளை வழியே கசிந்து வேருக்கு மட்டும் போய்ச் சேரும். ஆட்டுக்குத் தப்ப முள்வேலியும் வேண்டும். ஆடு ஒருமுறை நுனி கடித்த கன்று நேராக எழ மறுக்கும்.

மரம் வளர்ந்தபின் ஆண்டுதோறும் ஆவணி, புரட்டாசியில் கவாத்து செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்றுக்கு முன் உட்கிளைகளைக் களைந்தால் புயற்காற்று மரத்தை முட்டாமல் ஊடே புகுந்து போகும். மேகம் மூடிய கார்காலத்தில் கீழுள்ள செடிக்கு ஒளியும் கிடைக்கும். வெட்டிய இடத்திலிருந்து தை முதல் துளிர்த்துக் கோடைக்குள் கூரை மீண்டும் நிறையும். பெரிய கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் அது முறிந்து விழும்போது தண்டின் பட்டையையும் உரித்துச் செல்லும். முதலில் அடிப்புறம் சிறிது வெட்டிவிட்டுப் பின்னர் மேலிருந்து அறுக்க வேண்டும். மாசியில் உதிரும் சருகைக் கூட்டிக் கொளுத்தும் வழக்கம் ஊரெங்கும் காணப்படுகிறது. மண்ணுக்கு மரம் தரும் சோற்றில் மண்ணைப் போடும் செயல் அது. அதே சருகைப் பாத்தியில் நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினால், மேலே இலைக்கூரையும் கீழே சருகுப்போர்வையும் சேர்ந்து கோடை மண்ணைக் காப்பாற்றும்.

எல்லாச் செடியும் நிழலை விரும்புவதில்லை. சோளம், மக்காச்சோளம், கரும்பு ஆகியவை முழுவெயிலையும் பயன்படுத்தவல்ல உள்ளமைப்பு உடையவை. வியப்பாகத் தோன்றினாலும் முளைக்கீரையும் தண்டுக்கீரையும் அந்த வகையினவே. இவற்றையும், வெயிலில்லையேல் மொட்டுக் குறையும் மல்லிகையையும், தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில் திறந்த வெளியில் வைக்க வேண்டும். தக்காளி, மிளகாய், கத்தரி ஆகியவை பிற்பகல் நிழல் வந்து சேரும் நடுப்பகுதிக்கு உரியவை. மஞ்சள், இஞ்சி, சேனை, சேம்பு, வல்லாரை, கனகாம்பரம் ஆகியவை மரத்துக்கு அருகிலேயே செழிக்கும். மரம் வளரும்போது இந்த எல்லைகளும் நகரும். நட்ட மூன்று ஆண்டுகள் வரை மேற்கு ஓரத்திலும் கத்தரி விளையும். ஐந்தாறு ஆண்டுகளில் அங்கே மஞ்சளும் இஞ்சியும் குடியேறி, கத்தரி பத்தடி கிழக்கே நகரும். பத்தாம் ஆண்டில் மரத்தடியில் சேனை செழித்து, தண்டின்மேல் மிளகுக்கொடியோ வெற்றிலைக்கொடியோ ஏறியிருக்க, முதலில் மரமின்றிப் போட்ட பாத்தி வரைபடம் பயனற்றதாகி இருக்கும். ஆகவே கல்லும் சிமெண்டும் கொண்டு பாத்திகளை நிலையாகக் கட்டிவிடாமல் மண்வரப்பாகவே விட்டுவைப்பதும், ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒருநாள் பிற்பகல் நிழலின் விளிம்பைக் கண்டு வரப்பை மாற்றி அமைப்பதும் நிழல்மரத் தோட்டத்துக்கு இன்றியமையாதவை.